நாலாவது அடையாளம்

பிப்ரவரி 9

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. என் கண் காலையில் நன்றாக வேலை செய்கிறது. மூன்று மணிக்கு மேல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. "நலம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதே. ஒன்பது வருடமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

துப்பாக்கியில் வெட்டியிருக்கும் எழுத்து பழசா புதுசா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறேன் என்று கேட்டிருந்தாய். என் தொழிலைப் பற்றி நம் வீட்டில் யாரும் கேட்ட முதல் கேள்வி இது. அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "அவளுக்கு வேற வேலை இல்ல போல" என்றாள்.

உனக்குத் தெரியும், ஒன்பதாவதைத் தாண்டாதவன் நான். பரிசுக் கோப்பையிலும் வாசல் பலகையிலும் பேர் வெட்டிக்கொண்டிருந்தவனை இந்தத் துப்பாக்கிப் பரிசோதனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டதே, பட்டம் வாங்கியவர்களுக்கு எழுத்தைப் படிக்கத்தான் தெரியும், வெட்டத் தெரியாது என்பதால்தான். ஆறு வருடம் நிம்மதியாக ஓடியது. இப்போது புது உத்தரவு வந்திருக்கிறது: நூறு வருடத்துக்கு மேல் பழைய துப்பாக்கி என்றால் உரிமம் இல்லாமல் வீட்டில் மாட்டிவைக்கலாம், இல்லையென்றால் ஒப்படைக்க வேண்டும். உத்தரவு வந்த வாரமே எல்லாத் துப்பாக்கிக்கும் வயதாகிவிட்டது. எழுத்தும் ஆண்டும் வெட்டியவை எல்லாம் என் மேஜைக்கு வருகின்றன. ஒரு நாளைக்கு இருபது. பார்த்துப் பார்த்து எனக்கும் நூறு தாண்டிவிட்டது.

அடையாளங்களைச் சொல்கிறேன். ஒன்று, விளிம்பு. புதிதாக வெட்டிய எழுத்தின் ஓரத்தில் இரும்பு மயிரிழை உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். நகத்தை ஓட்டினால் மாட்டும். பழைய எழுத்து பல பேர் கைபட்டு மழுங்கியிருக்கும். இரண்டு, அழுக்கு. நூறு வருட அழுக்கு கல்லாக இறுகியிருக்கும், வெந்நீரில் நனைத்த பஞ்சுக்கு அசையாது. கள்ளப் பயல்கள் ஷூ பாலிஷ் தேய்த்துக் கொண்டுவருவார்கள்; பஞ்சு கறுத்துவிடும். மூன்று, கீறல். பழைய எழுத்தென்றால் கீறல் எழுத்தின் மேல் ஏறிப் போகும். புது எழுத்தென்றால் எழுத்து கீறலின் மேல் ஏறிப் போகும்.

நாலாவது ஒன்று இருக்கிறது, அதுதான் ராஜா. ஆனால் தாள் முடிந்துவிட்டது. இன்னொரு தாள் வைத்தால் எடை கூடிவிடும். அடுத்த கடிதத்தில்.

உன் வீட்டு ஹால் சுவரில் ஒன்று தொங்குமே, சம்பந்தி அதைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டாரா? உன் கல்யாணத்தன்று நான் அதைத் தடவிப் பார்த்ததற்கு அம்மா என்னைக் கிள்ளியது இன்னும் வலிக்கிறது. அவர் சேகரிப்புக்காக நல்ல ஸ்டாம்பாக ஒட்டியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அப்பா


பிப்ரவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்காலை நினைத்தால் கவலையாக இருக்கிறது. படி ஏறவேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்கமாட்டாள், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

விவரமாக எழுதச் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டு, மிச்ச நேரத்துக்கு என்னை வருகைப் பதிவேடு எழுத வைத்திருக்கிறார்கள். அவருக்கு வேலை அதிகம். மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், மற்றபடி சுகம். ஸ்டாம்பை அழகாகக் கத்தரித்து எடுத்துக்கொண்டார்.

அடையாளங்களைச் சுவாரஸ்யமாக எழுதியிருந்தீர்கள். நாலாவது என்ன அப்பா? தாளின் மேல் பழிபோடாமல் சீக்கிரம் எழுதுங்கள்.

மகள்


ஏப்ரல் 2

அன்புள்ள மகளுக்கு,

பதில் போட ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. சோம்பல் பாதி, துப்பாக்கி பாதி. அம்மா படி ஏறுவதில்லை, நீ சொன்னதாகச் சொன்னேன். "அவளே வந்து சொல்லட்டும்" என்றாள்.

மூன்று நாளுக்கு முன் ஒன்று வந்தது. எங்களுக்கு ஆள் பேர் வராது, ஒரு நம்பர் மட்டும் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கட்டையில் விரிசல், அதன் மேல் பித்தளைக் கம்பி சுற்றியிருக்கிறது. விசைப் பக்கத்துத் தகட்டில் "வீரத்துக்குப் பரிசு" என்று ஒரு வரி, அடியில் 1846. கூடவே ஒரு உறுதிமொழித் தாள்: இந்த எழுத்து எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறது என்று. கையெழுத்தை மறைத்துத்தான் எங்களுக்குக் கொடுப்பார்கள்.

நகத்தை ஓட்டினேன், மாட்டவில்லை. வெந்நீர்ப் பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது. கீறல்கள் எழுத்தின் மேல் ஒழுங்காக ஏறிப் போகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக யாரோ சரிபார்த்து அனுப்பியதுபோல் இருந்தது. இப்படி ஒரு சுத்தமான துப்பாக்கியை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அன்று வேறெதையும் பார்க்க முடியவில்லை.

அடுத்த மேஜையில் தோட்டா பரிசோதிக்கிறவர் இருக்கிறார், அவரைத் தோட்டா என்றே கூப்பிடுவோம். "என்ன அண்ணே, மூணு நாளா ஒரே துப்பாக்கியையே பாக்கறீங்க? பொண்ணு பாக்கற மாதிரி?" என்றார். "ஆமா, எங்கேயோ பாத்த முகமா இருக்கு" என்றேன். சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அறிக்கை கொடுக்க நாற்பது நாள் தருவார்கள். மே ஒன்பது வரை நேரம் இருக்கிறது.

உன் ஹால் சுவர் எப்படி இருக்கிறது? சம்பந்திக்கு என் வணக்கம். உன் கை சுகமா?

அப்பா


ஏப்ரல் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

நான்கு நாளாக மழை. துணி காயவில்லை. ஹாலில் பெரிதாக ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறோம். சுவருக்கு அது போதவில்லை, ஓரத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. மாமா அதன் கீழேயே உட்கார்ந்திருக்கிறார்.

கையைக் கேட்டிருந்தீர்கள். சுட்டுவிரலில் அடுப்புச் சூடு பட்டிருந்தது, ஆறிவிட்டது. வேலை அதிகம், இத்துடன் நிறுத்துகிறேன். கண்ணுக்கு மருந்து விடுங்கள்.

மகள்


ஏப்ரல் 19

அன்புள்ள மகளுக்கு,

விரல் ஆறிவிட்டது என்று படித்து நிம்மதி. இங்கு அம்மாவுக்கு முழங்காலில் வீக்கம் வடிந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் என்னை இரண்டு மடங்கு திட்டுகிறாள்.

நாலாவது அடையாளத்தை இந்தத் தடவை நீ கேட்கவில்லை.

வேறு ஒன்று ஞாபகம் வந்தது, எழுதுகிறேன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி சீசனில் நம் கடையில் கோப்பைகள் மலையாகக் குவியுமே? நீ எட்டாவது படிக்கும்போது என் உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். முதல் பரிசையெல்லாம் நான் வெட்டுவேன், இரண்டாம் பரிசையெல்லாம் உன் பக்கம் தள்ளிவிடுவேன். தப்பு வந்தால் இரண்டாவது வந்தவன் சண்டைக்கு வரமாட்டான் என்று கணக்கு. முந்நூறு கோப்பையாவது வெட்டியிருப்பாய். எல்லாவற்றிலும் "பரிசு" என்பதன் கடைசி எழுத்தில், "சு"வின் வாலை மேல்நோக்கி இழுத்துவிடுவாய், யாரோ காதைப் பிடித்துத் தூக்கியதுபோல. "வாலை இறக்குடி" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! நீ இறக்கவேயில்லை.

அந்தப் பித்தளைக் கம்பித் துப்பாக்கி இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. மேலே ஒரு துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தால் எழுது. அம்மாவுக்குக்கூடப் படித்துக் காட்டமாட்டேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.
அப்பா


ஏப்ரல் 27

அப்பாவுக்கு,

இனிமேல் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுங்கள். மாமா ஸ்டாம்புக்காக உறைகளை முதலில் பிரித்துவிடுகிறார். அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மகள்


மே 2

அன்புள்ள மகளுக்கு,

பள்ளிக்கூடத்துக்கு எழுதுவதால் நல விசாரிப்பை ஓரமாக வைக்கிறேன். அம்மா சுகம். நான் தூங்கி எழுந்தாலும் தூங்காதவன் மாதிரி இருக்கிறேன்.

அது உன் வீட்டுத் துப்பாக்கி. பித்தளைக் கம்பியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கல்யாணத்தன்று அதைத் தடவியது வேடிக்கைக்காக இல்லை. எங்கே இரும்பைப் பார்த்தாலும் எழுத்தைத் தேடுகிற கை இது. அன்று அந்தத் தகட்டில் ஒரு எழுத்துகூட இல்லை. மொட்டையாக இருந்தது.

வெட்டிய கையும் எனக்குத் தெரியும். வால் அப்படியே இருக்கிறது.

விளிம்பை எதில் தேய்த்தாய்? தோலிலா? அழுக்குக்குப் புகைக்கரியும் வார்னிஷும் கலந்து அடுப்பில் சுட்டிருக்கிறாய், விரல் சுட்டது அதில்தான். கீறல் போட ஊசி. ஒவ்வொன்றும் நான் எழுதிக் கொடுத்த வரிசையில். பிப்ரவரி மாதக் கடிதத்தை என் வாழ்நாளில் எழுதிய நல்ல கடிதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சமையல் குறிப்பாகப் போய்விட்டது.

இப்போது என் நிலைமையைக் கேள். "எழுத்து பழசு" என்று இரண்டு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டால் துப்பாக்கி உன் சுவருக்கு வந்துவிடும். தோட்டாவுக்குத் தெரியாது. பெரிய அதிகாரிக்குத் தெரியாது. மூன்று அடையாளமும் என் பக்கம் சாட்சி சொல்லும். "புதுசு" என்று எழுதினால் பொய் உறுதிமொழி கொடுத்ததற்குச் சம்பந்தியைக் கூப்பிடுவார்கள். அவர் உன்னைக் காட்டுவார். உன் வேலை, உன் வீடு எல்லாம் அந்த மேஜையில் வந்து உட்காரும். தினமும் காலையில் பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன். பேனாவுக்கே அலுத்துவிட்டது.

திட்ட வரவில்லை. திட்டுவதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. நீயாகச் சொல்லிவிடு என்றுதான் ஒரு மாதமாகச் சுற்றிச் சுற்றி எழுதினேன். ஒன்பதாம் தேதி வரை பார்ப்பேன்.

அப்பா


மே 8

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்த எழுத்தை வெட்டியது நான்தான்.

உத்தரவு வந்ததிலிருந்து மாமா சாப்பிடாமல் அந்தத் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு நாள் அவரும் உங்கள் மாப்பிள்ளையும் சேர்ந்து வந்து, "உங்க அப்பா தொழில்தானம்மா, நாலு எழுத்து, யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்கள். உங்களுக்குக் கேள்வி எழுதியது அதற்காகத்தான். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாகப் பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அதைப் படித்தபோதே நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. அப்பா, ஒன்பது வருடம் கழித்து உளியைப் பிடித்தேன். சமையலறை மேஜையில் மூன்று நாள். வெட்டும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதிவேடு எழுதுகிற கைக்கு அது மறந்தே போயிருந்தது. வெட்கமாக இருப்பது அதுதான் என்று முதலில் நினைத்தேன். இல்லை. அது உங்கள் மேஜைக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். அப்பா பார்த்தால் விட்டுவிடுவார் என்று நினைத்துவிட்டேன். வெட்கம் அதில்தான்.

இன்று காலை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். யார் வெட்டியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாமாவிடமும் சொன்னேன். காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறார். உங்கள் மாப்பிள்ளை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நீங்கள் எதை எழுதினாலும் சரி அப்பா. பேனாவைத் திறந்துவிடுங்கள்.

மகள்


மே 9

அன்புள்ள மகளுக்கு,

உன்னிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். பதினொரு மணிக்குக் கொடுத்தேன், இப்போது மூன்று. மேஜை காலியாக இருக்கிறது.

என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். "எழுத்து புதுசு." காரணம் என்ற இடத்தில் நாலாவது அடையாளத்தை எழுதினேன். நீ கேட்டாயே, சொல்கிறேன். பழைய எழுத்தைத் துரு தின்றிருக்கும். புது எழுத்து துருவைத் தாண்டிக் குதித்திருக்கும். அந்தத் தகட்டில் பழைய துருக்குழி ஒன்று இருக்கிறது, மிளகு அளவு. உன் "த்" ஒரு கரையில் நின்றுவிட்டு மறுகரையில் தொடங்குகிறது. உளி உள்ளே இறங்கவில்லை. பிப்ரவரியில் இன்னொரு தாள் வைத்திருந்தால் அதையும் சரி செய்திருப்பாய். காரணம் என்ற இடத்தில் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. எடை கூடிவிடும் என்று பயந்தது நல்லதா கெட்டதா, இன்றுவரை தெரியவில்லை.

உரிமையாளருக்குப் பரிசோதகர் உறவா என்று ஒரு கேள்வி இருக்கும். ஆறு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு "இல்லை" போட்ட இடம். "உண்டு" என்று எழுதினேன். அதற்குக் கீழே, மூன்று அடையாளங்களையும் மகளுக்குக் கடிதத்தில் எழுதியது நானே என்றும் எழுதினேன்.

வெட்டியது யார் என்ற கேள்வி படிவத்தில் இல்லை. இல்லாத கேள்விக்கு இரண்டு நாள் பதில் எழுதிக் கிழித்தேன். கடைசியில் எழுதவில்லை. அந்த வரி உன்னுடையது.

இன்னொன்று. துப்பாக்கியின் வயதைத் தனியாக எழுத வேண்டும். விசை, குழல், திருகாணி எல்லாம் பார்த்தேன், தோட்டாவையும் பார்க்கச் சொன்னேன். நிஜமாகவே நூற்றைம்பதை நெருங்குகிறது. எழுத்தே இல்லாமல் மொட்டையாகக் கொண்டுவந்திருந்தால் அரை மணியில் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ரொம்ப அசதியாக இருக்கிறது. அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருக்கிறது.

அப்பா


ஜூன் 21

அன்புள்ள மகளுக்கு,

அம்மா நடக்கிறாள், நான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் இப்போது இதுதான் சமாசாரம். உன்னைத் தலைமையாசிரியை எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டாள் என்று படித்ததும் அம்மா இரண்டு வாய் அதிகம் சாப்பிட்டாள். மாப்பிள்ளை உன்னோடு சரியாகப் பேசுகிறாரா?

உன் மே எட்டாம் தேதிக் கடிதம் எனக்குப் பதினாலாம் தேதி வந்தது. என் ஒன்பதாம் தேதிக் கடிதமும் அதே வாரம் உனக்கு வந்திருக்கும். வழியில் ஏதோ ஒரு தபால் மூட்டையில் இரண்டும் உரசிக்கொண்டு போயிருக்கும். ஒருத்தர் எழுதியது இன்னொருத்தருக்குத் தெரியாது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்: நான் என்ன எழுதினேன் என்று பார்த்து நீ சொல்லவில்லை.

அலுவலகத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள். பெரிய அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். "லஞ்சம் வாங்கி வேலை போனவங்களைப் பாத்திருக்கேன். லெட்டர் போட்டு வேலை போனது நீங்கதான்" என்றார். "ஸ்டாம்பு என் செலவு சார்" என்றேன். தோட்டா வாசல் வரைக்கும் வந்தார்.

போன செவ்வாய் சம்பந்தியைக் கூப்பிட்டிருந்தார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியே பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், பல் டாக்டர் வீட்டு வாசலில் காத்திருப்பதுபோல. அவர்தான் ஆரம்பித்தார்.

"சம்பந்தி, எழுத்தில்லாம கொண்டுவந்திருந்தா தப்பிச்சிருக்குமா?"

"தப்பிச்சிருக்கும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"முன்னாடியே கேட்டிருக்கலாமே."

பிறகு, "பொண்ணு நல்லாத்தான் வெட்டியிருக்கு" என்றார். அவர் காது மந்தம் அல்லவா, தலையை மட்டும் ஆட்டினேன்.

துப்பாக்கியைக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருந்தது. பொய் எழுத்தை அப்படியே விடக்கூடாது, குறுக்கே ஒரு கோடு வெட்டி அடித்துவிட வேண்டும் என்பது விதி. வெட்டத் தெரிந்தவன் அலுவலகத்தில் நான் ஒருத்தன்தான், அதுவும் அன்றோடு சரி. மேஜையில் வைத்து உளியை எடுத்தேன். "வீ"யிலிருந்து ஆரம்பித்தேன். கோடு நேராகத்தான் போயிற்று. துருக்குழி வந்ததும் குதித்தது. பிறகு "பரி", பிறகு "சு".

இப்போது அந்தத் துப்பாக்கி உன் ஹாலில் தொங்கும். கிட்டப் போய்ப் பார். கோடு எல்லா எழுத்தின் மேலும் ஏறிப் போயிருக்கும். அந்த வாலை மட்டும் தாண்டிக் குதித்திருக்கும்.

யாராவது கேட்டால் அங்கேயும் துரு இருந்தது என்று சொல்லிவிடு.

கோப்பை சீசன் ஆரம்பித்துவிட்டது. லீவுக்கு வரும்போது உளியையும் எடுத்து வா.

அப்பா